பன்னிரண்டரை அடி வீட்டில் ஒரு ரயில் பாதை

ரங்கூன் நகருக்குள் அடுக்குமாடி வீடு என்றால் பெரும்பாலும் பன்னிரண்டரைக்கு ஐம்பதுதான். அகலம் 12.5 அடி, நீளம் 50 அடி. தெருப்பக்கம் ஒரு ஹால், நடுவில் மரத்தடுப்பு போட்ட அறைகள், அவற்றை ஒட்டி ஒடுக்கமாக ஒரு நடை, கடைசியில் அடுப்படியும் குளியலறையும். நாங்கள் இருப்பது நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. இந்த வீட்டுக்குள் ஒரு மாடல் ரயில் லேஅவுட், அதாவது பலகைமேல் தண்டவாளமும் காட்சியுமாக ஒரு சின்ன ரயில் உலகம், வைப்பதற்கு வருஷக்கணக்காகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு தண்டவாளத் துண்டுகூடப் பலகை ஏறவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நோட்டில் வரைந்து வரைந்து அழித்ததில்தான் எது நடக்கும், எது நடக்காது என்று புரிந்தது. ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு அந்த நோட்டில் இருப்பது உதவும்.

தொழில் எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடுவது. கல்யாணப் படம், சாமி படம், பிள்ளைகள் பட்டம் வாங்கிய படம். ரயில் பைத்தியம் பெரியப்பா வழியாக வந்தது. அவர் ரங்கூன் மாலகோன் எஞ்சின் ஷெட்டில் பிட்டர். ஒய்டி என்றால் சரக்கு இழுக்கிற எஞ்சின், ஒய்பியும் ஒய்சியும் பயணிகள் வண்டிக்கு என்று சாப்பிடும்போதுகூட வகுப்பு எடுப்பார். தமிழ்நாட்டில் எழும்பூரிலிருந்து ஒரு காலத்தில் ஓடிய அதே மீட்டர் கேஜ்தான் இங்கே இன்றைக்கும். 1877இல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு முதல் பாதை போட்டபோது எடுத்த அளவு அப்படியே நாடு முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது: தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர்.

பர்மாவில் எந்த இடத்தை மாடலாகச் செய்வாய் என்று ரயில் பிடித்தவன் யாரைக் கேட்டாலும் கோக்தெய்க் பாலம் என்றுதான் சொல்வான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். மாந்தலேயிலிருந்து லாஷியோ போகும் வழியில், ஷான் மலைப்பகுதியில், ஒரு பெரும் பள்ளத்தைத் தாண்டி நிற்கும் இரும்புப் பாலம். அமெரிக்கக் கம்பெனி கட்டியது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீளம் 689 மீட்டர், தரையிலிருந்து உயரம் 102 மீட்டர். மேலே போகும்போது வண்டி நடந்து போகிறவன் வேகத்துக்கு இறங்கிவிடும். கீழே பார்த்தால் மரங்கள் பாசி மாதிரி தெரியும்.

நோட்டில் வகுத்தல் கணக்கு போட்டதும் பாலம் விழுந்துவிட்டது. 1:150 அளவில், அதாவது நிஜத்தில் 150இல் ஒரு பங்காகச் செய்தாலே நீளம் 4.6 மீட்டர் வருகிறது. என் வீட்டின் அகலமே 3.8 மீட்டர். உயரம் 68 சென்டிமீட்டர், அதற்குக் கீழே பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மலைச்சரிவு. சரி, சுருக்கலாமே என்று தோன்றும். சட்டம் போடுகிறவனுக்குப் படத்தை ஓரத்தில் வெட்டுவது புதிதில்லை. ஆனால் வெட்டினால் செத்துப்போகிற படங்கள் உண்டு. பாதியாக வெட்டிய கோக்தெய்க் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு இரும்புப் பாலம், அவ்வளவுதான். இன்னொன்றும் யோசித்தேன். பாலத்தின் மேல் வண்டி வரும், போகும். அதற்குப் பிறகு அங்கே என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. முதல் வாரம் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆகா என்பார்கள், இரண்டாவது வாரம் நானே அதன் பக்கம் திரும்ப மாட்டேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எந்த இடம் மனசில் வந்தாலும் முதலில் அதன் அளவை வகுத்துப் பார்த்துவிட வேண்டும். அப்புறம், அங்கே ஒரு மணி நேரம் நின்றால் என்னென்ன நடக்கும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். ஐந்து வரிகூட எழுத வரவில்லை என்றால் அந்த இடம் புகைப்படத்துக்கு நல்லது, லேஅவுட்டுக்கு வேண்டாம்.

அளவு விகிதத்தை ஏன் 1:150 என்று வைத்துக்கொண்டேன் என்பதற்குக் காரணம் ஜப்பான். உலகத்தில் N என்ற ஆங்கில எழுத்தை வைத்து என் கேஜ் என்று சொல்லப்படும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஜப்பானியர்கள் தங்கள் வண்டிகளை 1:150இல் செய்கிறார்கள். அந்த நாட்டில் ஓடி ஓய்ந்த டீசல் ரயில் பெட்டிகள்தான் இங்கே வந்து மறுபிறவி எடுத்திருக்கின்றன. கிஹா 40, கிஹா 48, கிஹா 11 என்று வகை வகையாக வந்தன. அங்கே 1067 மில்லிமீட்டர் பாதை, இங்கே 1000. சக்கரங்களை 67 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓடவிட்டார்கள். மேலே பூசிய நிறம்கூடப் பல பெட்டிகளில் அப்படியே இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்து, அதற்குக் கீழே வெற்றிலைக் கறை. ஆகவே ரங்கூனில் ஓடும் வண்டியின் மாடல் எனக்குக் கடையிலேயே கிடைக்கிறது, நான் செதுக்க வேண்டியதில்லை. டோமிக்ஸ் கம்பெனி கிஹா 40ஐப் பல நிறங்களில் போட்டிருக்கிறது.

கணக்கில் கறாரானவர்கள் இங்கே என்னைப் பிடிப்பார்கள். 1000ஐ 150ஆல் வகுத்தால் 6.67 மில்லிமீட்டர்தான் வருகிறது. 9 மில்லிமீட்டர் தண்டவாளம் மீட்டர் கேஜுக்கு அகலம் அதிகம். உண்மைதான். 6.5 மில்லிமீட்டர் இசட் கேஜ் தண்டவாளத்தில் என் கேஜ் பெட்டியை ஏற்றினால் கிட்டத்தட்டச் சரியாக வரும், ஆனால் அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் நானே கட்ட வேண்டும். 1:87இல் 12 மில்லிமீட்டர் பாதை போட்டால் அதுவும் மீட்டர் கேஜுக்குப் பொருத்தம், ஆனால் ஒரு பெட்டியே 24 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும், விலையும் கை சுடும். என் தீர்ப்பு: தண்டவாளத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அகலம் தெரியாது. லேஅவுட்டைக் கண் மட்டத்துக்கு ஏற்றி வைத்துவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

சரி, எந்த இடம்? மாடல் ரயில்காரர்கள் வட்டமாகச் சுற்றும் பாதையைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள், குழந்தை விளையாட்டு என்று. ரங்கூன்காரன் அப்படிப் பேச முடியாது. எங்கள் ஊரிலேயே நிஜ ரயில் வட்டமாகத்தான் சுற்றுகிறது. மத்திய நிலையத்தில் புறப்பட்டு, கெமண்டைன், லேடான், இன்சேன், மிங்கலாடோன், தாம்வே, பசுண்டாங் என்று நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். 45.9 கிலோமீட்டர், 39 நிலையங்கள், இரட்டைப் பாதை, ஒரு சுற்றுக்கு வெகுகாலம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடித்தது. பாதையை முழுசாக 1:150இல் செய்தால் 306 மீட்டர்! நான்காம் மாடியில் அல்ல, எங்கள் தெரு முழுக்க விட்டாலும் போதாது.

முழு வட்டத்தையும் செய்யத் தேவையில்லை என்று எனக்கு உறைத்தது அதே வட்டத்தில் இன்சேனுக்கும் மிங்கலாடோனுக்கும் நடுவில் இருக்கும் டானின்கோன் நிலையத்தில். அங்கே தண்டவாளத்தை ஒட்டியே பெரிய காய்கறிச் சந்தை. வண்டி இல்லாத நேரத்தில் கூடைகள் தண்டவாளத்து ஓரம் வரை வந்துவிடும். கீரைக்கட்டு, முள்ளங்கி, பூக்கட்டு, மூட்டை மூட்டையாகக் கொத்தமல்லி. தூரத்தில் ஹாரன் கேட்டதும் அவசரமே இல்லாமல் கூடையை ஒரு சாண் பின்னால் இழுப்பார்கள். வண்டி நிற்கும். ஜன்னல் வழியாகக் கட்டுகள் உள்ளே போகும், ஒரு அம்மா படியில் கால் வைத்தபடியே விலை பேசிக்கொண்டிருப்பார், கார்டு பச்சைக்கொடி காட்டுவார். வண்டி போனதும் கூடைகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எழுதச் சொன்னேனே, இந்த ஒரு இடத்துக்கு நோட்டில் இரண்டு பக்கம் ஓடியது.

ஆக, ஒரே ஒரு நிலையம். மற்ற 38ம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வண்டி ஒரு பக்கம் வருகிறது, நிற்கிறது, மறுபக்கம் போய் மறைகிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதைப் பார்க்கிறவர்கள் மனசு நிரப்பிக்கொள்ளும். இதற்குப் பாதையை எப்படிப் போடுவது என்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது, ரொம்பப் பழைய தந்திரம். ஒரு நீள்வட்டத்தை எடுத்து, நடுவில் இரண்டு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று நெருக்கிவிட வேண்டும். நாய் கடிக்கும் எலும்பு மாதிரி, இரண்டு முனையும் குண்டாக, நடுவில் ஒல்லியாக வரும். அந்த ஒல்லியான பகுதியில் இரண்டு தண்டவாளமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் இரட்டைப் பாதை போலவே தெரியும். இன்சேன் பக்கமிருந்து வந்த வண்டி முனையில் திரும்பி, கொஞ்ச நேரம் கழித்து மிங்கலாடோன் பக்கமிருந்து வருகிற வண்டியாகத் திரும்ப வரும். உண்மையில் இது ஒரே வளையம்தான் என்பதால் மின்சாரத்தில் பிளஸ் மைனஸ் மோதுகிற தலைவலியும் கிடையாது. ஒரே கண்ட்ரோலர் போதும்.

முனையில் வண்டி திரும்புவதற்குத்தான் இடம் வேண்டும். கிஹா 40இன் நிஜ நீளம் 21.3 மீட்டர், மாடலில் 14.2 சென்டிமீட்டர். இந்த நீளத்துக்கு 28 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. டோமிக்ஸில் 280 மில்லிமீட்டர் வளைவு சாதாரணமாகக் கிடைக்கும். அப்படியென்றால் குண்டான முனைக்கு அகலம் குறைந்தது 65 சென்டிமீட்டர். நடுப்பகுதிக்கு 30 சென்டிமீட்டர் போதும். ஹாலில் இதற்கு எந்தச் சுவர் கிடைக்கும் என்று பார்த்தால் கிழக்குச் சுவர்தான் நேராக, தடையில்லாமல் இருக்கிறது. அதில் சாமி மாடம் இருக்கிறது.

"என்னங்க, மாடத்துக்கு மேல ரயில் ஓட விடமாட்டேன். எதிர்ச் சுவர எடுத்துக்கங்க" என்றாள் மனைவி. எதிர்ச் சுவரில் ஷோகேஸ், டிவி, மகளின் படிப்பு மேசை. மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, ஷோகேஸுக்கு மேலே 11 அடி நீளம் எனக்கு என்று முடிவானது. குண்டு முனைகள் இரண்டும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பால்கனிப் பக்கத்து முனைக்குக் கீழே துணி மடித்து வைக்கும் அலமாரி வரும் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் பேச்சு முடிந்தது. திட்டம் போடுகிற எல்லாருக்கும் சொல்வேன்: தாளில் வரைவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களோடு அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நின்றுவிடுங்கள். அவர்கள் சொல்லும் மறுப்புகள் பெரும்பாலும் லேஅவுட்டுக்கு நல்லதாகவே முடியும். உயரத்தில் வைக்க வேண்டி வந்ததால் எனக்குக் கண் மட்டப் பார்வை தானாகவே கிடைத்தது.

11 அடி என்றால் 3.35 மீட்டர். இவ்வளவுதானா என்று முதலில் மனசு சோர்ந்தது. அப்புறம் வேகத்தைக் கணக்கிட்டேன். 46 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் சுற்றினால், நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்தான். அதை 150ஆல் வகுத்தால் மாடல் வண்டி ஒரு விநாடிக்கு 2.8 சென்டிமீட்டர் நகர வேண்டும். 11 அடியைக் கடக்க இரண்டு நிமிடம்! இரண்டு நிமிடம் ஒரு வண்டியை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கடையில் விற்கும் தொடக்கப் பெட்டிகளை மேசையில் போட்டு எல்லாரும் எக்ஸ்பிரஸ் வேகத்தில் சுற்றவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் சலித்துவிடுகிறது, பிறகு பெரிய இடம் இல்லையே என்று புலம்புகிறார்கள். இடத்தைக் கூட்ட முடியாதவன் வேகத்தைக் குறைக்கலாம். எங்கள் வட்ட ரயில் மெதுவாகப் போகிறது என்று ஊரெல்லாம் திட்டும், எனக்கு அதுதான் வரம்.

ஆனால் மெதுவாக ஓட்டுவது சுலபமில்லை. சின்ன மோட்டாருக்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால் திணறி நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டு துண்டாக, ஆனால் முழு அழுத்தத்தில் கொடுக்கும் பிடபிள்யூஎம் கண்ட்ரோலர்தான் இதற்குச் சரி. தண்டவாளமும் சக்கரமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஐசோபுரோபில் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வண்டியை விடுவது நல்ல பழக்கம். பாயிண்டுகள், அதாவது வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடங்கள், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டானின்கோன் திட்டத்தில் பாயிண்ட் வைத்தே ஆக வேண்டிய இடம் மறைவுப் பகுதி மட்டும்தான், இன்னொரு வண்டியை ஒளித்து நிறுத்துவதற்கு.

மறைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது என் தொழில். ஒரு படம் எங்கே முடிகிறது என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்கிறது. லேஅவுட்டுக்கும் முன்னால் ஒரு கறுப்புச் சட்டம் போட்டு, மேல்விளிம்புக்குப் பின்னால் எல்இடி பட்டையை ஒளித்து வைத்துவிட்டால், வெளிச்சம் உள்ளே மட்டும் விழும். ஷோகேஸும் டிவியும் பார்வையிலிருந்து விலகிவிடும். வெளிச்சம் ரொம்ப மஞ்சளாகவும் வேண்டாம், ஆஸ்பத்திரி வெள்ளையாகவும் வேண்டாம். இரண்டு ஓரத்திலும் வண்டி உள்ளே போய் மறையும் ஓட்டைதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதற்கு நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது. ஒரு ஓரத்தில் நடைமேடைகளை இணைக்கும் பழைய மேம்பாலம், அதற்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். இன்னொரு ஓரத்தில் அடுக்குமாடி வீடுகளின் முதுகு: பாசி படிந்த சுவர், துருப்பிடித்த டிஷ் ஆன்டெனா, பேப்பரும் சாவியும் மேலே இழுக்க ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தொங்கும் கயிறு. அந்தக் கயிற்றுக்குத் தையல் நூலே தடிமன் அதிகம், செம்புக் கம்பியின் ஒற்றை இழைதான் சரியாக வருகிறது. கடையில் மேசைமேல் ஒரு சுவரை மட்டும் மவுண்ட் அட்டையில் செய்து பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழே கறுப்புத் தண்ணீரை ஒழுகவிட்டு ஈரம் காய்வதற்குள் பச்சைப் பொடியைத் தூவினால், பத்து மழைக்காலம் பார்த்த சுவர் கிடைத்துவிடுகிறது.

எந்த மாதம் என்று முடிவு செய்வதையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்வேன். நான் ஜூலை என்று எழுதி வைத்திருக்கிறேன். நடைமேடையில் தேங்கிய தண்ணீர், அதற்குப் பளபளப்பு வார்னிஷ். கறுப்புக் குடைகள். மடித்துக் கட்டிய கைலி. ஒரு ஆள் 11 மில்லிமீட்டர் உயரம்தான் இருப்பான். முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசியிருக்கிறானா இல்லையா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனால் குடை விரிந்திருக்கிறதா என்பது அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். மாதம் முடிவானால் மரத்தின் பச்சை, மண்ணின் நிறம், ஆட்களின் உடை, வெளிச்சம் எல்லாம் தானாக முடிவாகிவிடும். கீரைக்கட்டுக்குப் பச்சை ஸ்பாஞ்சை அரைத்து எடுத்தால் போதும்.

தமிழர் அடையாளமாக என்ன வைப்பது என்று மருமகன் கேட்டான். பெரிய கோபுரம் வைக்கலாம்தான். ரங்கூனில் கோயிலுக்கா பஞ்சம். ஆனால் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் கோபுரம் எழுந்தால் சந்தையை விழுங்கிவிடும். தண்டவாள வேலி ஓரத்தில், அரசமரத்தடியில் ஒரு சூலமும் மஞ்சள் துணியும் போதும். தெரிந்தவன் கண்டுபிடிப்பான்.

டானின்கோனுக்கு முன்னாலும் பின்னாலும் நோட்டில் வேறு யோசனைகள் கிடக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் விட மனசில்லை. ஒன்று, லாஷியோ பாதையில் மாந்தலேயைத் தாண்டி மலை ஏறும் இடம். அங்கே வண்டி வளைந்து ஏறாமல் இசட் எழுத்துப் போல முன்னால் போய், நின்று, பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் போய் ஏறுகிறது. வளைவே இல்லாமல் உயரம் ஏறுவதால் எட்டு அங்குல ஆழப் பலகை போதும். எங்கள் வீட்டு நடைக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது. ஏற்றம் மீட்டருக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மடிப்பிலும் வண்டி நின்று திசை மாறும் வால் துண்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் வண்டியின் நீளம். அதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பின்னால் தள்ளும்போது லேசான பெட்டிகள் பாயிண்டில் குதிக்கும் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கொஞ்சம் எடை ஒட்ட வேண்டும்.

மற்றது பசுண்டாங் அரிசி மில். பசுண்டாங் ஆற்றோரம் ஒரு காலத்தில் வரிசையாக அரிசி ஆலைகள் இருந்தன. நம் ஆட்கள் மூட்டை தூக்கிய இடம். நிலையம் உண்டு, ஆறு உண்டு, மில் இருந்தது. மூன்றையும் நாலடிப் பலகையில் சேர்ப்பது மட்டும் என் கற்பனை. இங்கே ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய இங்கில்நூக் என்ற ஷண்டிங் புதிர், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டு, கச்சிதமாகப் பொருந்துகிறது. வேகன்களை நிறுத்தும் கிளைப்பாதையான சைடிங் மூன்று: ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. எஞ்சினும் மூன்று வேகனும் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு முன்பாதை. பாயிண்ட் இரண்டே இரண்டு. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் வண்டியாகக் கோக்க வேண்டும். 6720 விதமான வரிசைகள் வரும். மகள் இதைத் தாளில் பொத்தானை வைத்தே விளையாடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இத முதல்ல செய்யலாமே" என்றாள். அவள் சொன்னது சரி. சின்னப் பலகையில் மின்கம்பி இணைப்பு, தண்டவாளம் பதிப்பது, ஜல்லி ஒட்டுவது எல்லாம் பழகிவிட்டால் 11 அடிக்குப் போகும்போது கை நடுங்காது. ஆகவே கட்டுகிற வரிசையில் பசுண்டாங் முதலில், டானின்கோன் அதற்குப் பிறகு.

வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்டிராக்கேட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, தண்டவாளத் துண்டுகளை அளவோடு வைத்துப் பார்க்கலாம். பாயிண்ட் எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பது கையால் வரையும்போது தெரியாது. எல்லாரும் குறைவாகத்தான் வரைவார்கள், அதனால் இந்தச் சோதனையைத் தாண்டாத திட்டத்தை நம்ப வேண்டாம். ஆனால் திரையில் பார்ப்பதோடு நிறுத்தவும் வேண்டாம். பழுப்புத் தாளை முழு அளவில் ஒட்டி, பாயிண்டுகளை அச்சடித்து வெட்டி வைத்து, பிஸ்கட் பெட்டியைக் கட்டடமாக நிறுத்தி, சுவரில் அந்த உயரத்திலேயே சில வாரம் விட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி வைத்ததில்தான் பால்கனிக் கதவு முழுசாகத் திறந்தால் குண்டு முனையில் இடிக்கும் என்பது தெரிந்தது. முனையை நாலு அங்குலம் உள்ளே தள்ளி வரைந்துவிட்டேன், செலவு ஒன்றுமில்லை.

ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை மழை. அட்டை வளையும், ஒட்டுப்பலகை உப்பும், கரையான் வரும். சட்டம் போடும் தொழிலில் இதை தினமும் பார்க்கிறேன். பலகையை ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரம் குடித்து வில்லாக வளைந்துவிடும்; இரண்டு பக்கமும், வெட்டிய ஓரங்களும், திருகு போட்ட ஓட்டைகளும்கூட மூட வேண்டும். மரைன் பிளை விலை கூடத்தான், ஆனால் நாலடிக்கு அதைப் போடுவதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். மூங்கில் வேண்டவே வேண்டாம், உளுத்துவிடும். மாடல் கட்டடங்களுக்கு அட்டையைவிட பிளாஸ்டிக் ஷீட் நல்லது. அட்டைதான் கிடைக்கிறது என்றால் உள்பக்கமும் வார்னிஷ் பூசிவிடுங்கள்.

கரண்ட் விஷயம் இந்த ஊரில் தனி அத்தியாயம். எப்போது போகும், எப்போது வரும் என்று நம்பி எதையும் செய்ய முடியாது. நல்லவேளையாக என் கேஜ் வண்டிக்கு 12 வோல்ட் டிசி போதும், ஒரு வண்டி கால் ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை நேரடியாகக் கண்ட்ரோலருக்குக் கொடுத்து, நடுவில் ஒரு பியூஸ் போட்டுவிட்டால், வீடு இருட்டாக இருந்தாலும் ஒரு மாலை முழுக்க ஓட்டலாம். எல்இடி விளக்கும் அதே 12 வோல்ட்தான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அங்கே வாங்கிய அடாப்டரை யோசிக்காமல் இங்கே செருகினால் அடுத்த நிமிடம் புகைதான். பேட்டரியில் ஓட்டுகிறவனுக்கு அடாப்டரே தேவையில்லை.

அக்கா மகன் இப்போது நகோயாவில் வேலை செய்கிறான். அந்தப் பக்கம் ஓடி முடித்த கிஹா பெட்டிகள்தான் இங்கே நிறைய வந்தன என்று சொன்னபோது சிரித்தான். "மாமா, இங்க பழைய பொருள் கடையில அட்டைப்பெட்டி இல்லாம வித்தா விலை ரொம்பக் குறைவு, பார்த்து வைக்கிறேன்" என்றான். அவனுக்கு அனுப்பிய பட்டியலில் முதலில் பாயிண்ட் இரண்டு, நேர்த்துண்டுகள், தண்டவாளத்தில் செருகும் மின் இணைப்புக் கம்பிகள், எட்டு வேகன், ஒரு சின்ன டீசல் எஞ்சின், இவை பசுண்டாங்குக்கு. அதற்குக் கீழே, கிடைத்தால் மட்டும், கிஹா 40 மூன்று. ஜப்பானில் ஒரே பெட்டியை மோட்டாரோடும் மோட்டார் இல்லாமலும் தனித்தனியாக விற்பார்கள். மேலே எம் என்றோ டி என்றோ குறித்திருக்கும். எம் ஒன்று போதும், டி இரண்டு, மாற்றி வாங்கிவிடாதே என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். எந்த நிறம் வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தான். மூன்றும் மூன்று நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே அப்படியும் கோத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.